வியாழக்கிழமை குழம்பை நிறுத்துங்கள்

கேள்வி: டல்லாஸ் பக்கம் குடியிருக்கிறோம். மகன் மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லெஃப்ட் கார்ட், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து பேரில் ஒருத்தன். இந்த சீசனில் அந்த ஐந்து பேர் வரிசை, அதாவது அஃபென்சிவ் லைன், படுமோசம். போன சனிக்கிழமை எதிரணி ஆட்கள் குவார்ட்டர்பேக்கை 6 தடவை கீழே தள்ளிவிட்டார்கள். கோச் புதுசு. ரைட் டேக்கிள் 18 வயதுப் பையன். சென்டர் வேறு கல்லூரியிலிருந்து இந்த வருடம்தான் வந்தவன். திட்டு மட்டும் எல்லோருக்கும் சேர்த்து விழுகிறது. மகனிடம் பேச்சே குறைந்துவிட்டது. எங்களால் முடிந்ததைச் செய்கிறோம். வியாழக்கிழமை ராத்திரி லைன் பையன்கள் எல்லாம் வெளியே சாப்பிடப் போவார்கள், இவனுக்கு அது ஒத்துவராது என்பதால் நாங்களே வாராவாரம் சாதமும் குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறோம். ஜனவரியில் வேறு கல்லூரிக்கு மாற்றிவிடலாமா? கோச்சுக்கு ஒரு ஈமெயில் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பலாமா?

— ஒரு தந்தை, டெக்சஸ்

பதில்: மேலே இருப்பது சுருக்கம். முழுக் கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதில் ரைட் டேக்கிளின் எடை பவுண்டுக் கணக்கில் இருக்கிறது. பழைய கோச் போன கதை ஒரு பக்கத்துக்கு ஓடுகிறது. குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறான் என்ற புகாரும் இருக்கிறது. உங்கள் மகனோடு தோளுரசி நிற்கும் நாலு பையன்களில் ஒருத்தன் பெயர்கூட இல்லை. சென்டர், டேக்கிள், ‘அந்தப் பக்கத்து கார்ட்’. மூன்றாம் வருடமாக மகன் அங்கே இருக்கிறான், இவ்வளவுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பிள்ளை தோற்கிறான், கோச் சரியில்லை என்று வரும் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. கிரிக்கெட்டில் வரும், நீச்சலில் வரும், ஸ்பெல்லிங் போட்டியில்கூட வரும். குற்றவாளி எப்போதும் வெளியாள்தான். நீங்கள் சொன்ன காரணங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. 18 வயதுப் பையனை 22 வயது ஆளுக்கு எதிரே நிறுத்தினால் அவன் பின்னால் போகத்தான் செய்வான், லைன் ஆட்டத்துக்கு உடம்பு தேறவே இரண்டு மூன்று வருடம் வேண்டும். கோச் மாறினால் களத்தில் கத்துகிற வார்த்தைகளும் மாறும். கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் வந்தது; அது, 2021-க்குப் பிறகு ஒரு வருடம் வெளியே உட்காராமலே மாறலாம் என்று ஆனதும், பாதி அணிகளை ரயில்வே பிளாட்ஃபாரம் ஆக்கிவிட்டது. எல்லாம் சரி. ஆனால் இதில் ஒன்றுகூட உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருக்கிற ஒன்றை ‘எங்களால் முடிந்ததைச் செய்கிறோம்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் சுவர்போல நிற்கும் ஐந்து பேர் அஃபென்சிவ் லைன். நடுவில் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குகிற சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்ட், ஓரங்களில் டேக்கிள். ரெஃப்ரி தப்பு சொல்லும்போதுதான் இவர்களுடைய நம்பர் மைக்கில் கேட்கும். எதிராளியைப் பிடித்து இழுத்தால் 10 யார்டு போச்சு, பந்து நகரும் முன் அசைந்தால் 5 யார்டு.

அப்பா, உங்களுக்கு இது தெரிந்ததுதான். இருந்தாலும் அந்த 6 தடவையை மறுபடி போட்டுப் பாருங்கள், பந்தைப் பார்க்காமல் மகனை மட்டும். எதிரே நிற்கும் எதிரணி ஆள் உங்கள் மகன் மேல் இடித்துவிட்டு வெளிப்பக்கமாக ஓடுவான். அதே நேரத்தில் அவர்கள் பக்கம் ஓரத்தில் நின்றவன் அவன் பின்னால் சுற்றிக்கொண்டு உள்ளே வருவான். ஸ்டண்ட் என்பார்கள். இந்த இடத்தில் உங்கள் மகன் தன் ஆளை விட்டுவிட வேண்டும். அவனைப் பக்கத்திலிருக்கும் லெஃப்ட் டேக்கிள் வாங்கிக்கொள்வான், உள்ளே சுற்றி வருகிறவனை இவன் வாங்க வேண்டும். பேசி முடிவெடுக்க நேரமே கிடையாது. ‘அவன் வாங்குவானா?’ என்று அரை அடி கூடத் தொடர்ந்து போனால் தீர்ந்தது, உள்ளே வருகிறவனுக்கு நேராக வாசல் திறந்துவிடும். அந்த ஆறில் பாதி இப்படித்தான் போயிருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். கபடியில் பக்கத்து ஆள் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறோமே, அவன் இழுக்கும்போது நாமும் சேர்ந்து பாயாவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். இங்கே கையைக் கோக்க விதி இல்லை. மற்றபடி விஷயம் ஒன்றுதான்.

வெளியூர் ஆட்டம் என்றால் இன்னும் மோசம். ஸ்டேடியம் இரைச்சலில் குவார்ட்டர்பேக் குரல் காதில் விழாது. பல அணிகளில் கார்ட்தான் திரும்பிப் பின்னால் பார்த்து, சைகை வந்ததும் சென்டரைத் தட்டுகிறான். சென்டர் எதிராளியின் நிலையைப் பார்த்து ஒரு வார்த்தை கத்துவான், கார்ட் அதை டேக்கிளுக்குக் கடத்துவான். ஆக, கார்ட் வேலையில் பாதி பேச்சு. மகனிடம் பேச்சே குறைந்துவிட்டது என்கிறீர்கள். வீட்டில் மட்டும்தான் குறைந்திருக்கிறது என்று நினைக்கிறீர்களா?

பக்கத்தில் நிற்பவனைப் பார்க்காமலே நம்புகிற இந்தப் பழக்கம் பயிற்சி மைதானத்தில் மட்டும் வருவதில்லை. சீசன் நேரத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வின் விதி. ஜிம், வீடியோ, மைதானம் எல்லாமே அதற்குள் அடக்கம். மிச்சத்தைப் பையன்களே வெளியில் தேடிக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை சாப்பாடு பல அணிகளில் அதற்காகத்தான் இருக்கிறது. அங்கே யார் யாரைக் கிண்டல் செய்தால் தாங்குவான், யாருக்கு வீட்டில் பிரச்சினை, திட்டினால் யார் சுருங்கிப்போவான் என்பதெல்லாம் தெரிய வரும். சனிக்கிழமை அந்த அரை நொடியில் உதவுவது இதுதான்.

சென்டர் புதுசு என்று அலுத்துக்கொள்கிறீர்கள். மிச்சிகன் அணிக்கு 2022-இல் வந்த சென்டர் ஒலுசெகுன் ஒலுவாடிமியும் புதுசுதான், வர்ஜீனியாவிலிருந்து அந்த வருடம்தான் வந்தார். அந்த வருடமே அந்த லைன் ஜோ மூர் விருதை வாங்கியது. 2015-இலிருந்து கொடுக்கிறார்கள், ஒரு ஆளுக்குக் கிடையாது, முழு லைனுக்கும் சேர்த்துத்தான். 2024-இல் அதை வாங்கியது ராணுவக் கல்லூரியான ஆர்மி. பெரிய கல்லூரிகள் வலைவீசித் தேடுகிற ராட்சசப் பையன்கள் அங்கே போவதில்லை. ஆனாலும் அந்த சீசனில் 12 வெற்றி, கான்ஃபரன்ஸ் என்கிற கல்லூரி அணிகளின் கூட்டணியில் சேர்ந்த முதல் வருடமே அதன் பட்டம். அவர்கள் எல்லோரும் பாரக்ஸில் தூங்கி, ஒரே கூடத்தில் சாப்பிடுகிறவர்கள். ராணுவ ஒழுங்கு வேறு என்பீர்கள். வேறுதான். உங்கள் மகனிடம் வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டைத்தானே கேட்கிறார்கள்?

அதைத்தான் நீங்கள் பிடுங்கிக்கொள்கிறீர்கள். காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவான், மற்ற பையன்கள் இரண்டு வண்டியில் கிளம்பிப் போவது அங்கிருந்தே தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 20 வயது தாண்டிய பையன், ஆறடிக்கு மேல் இருப்பவன், அப்பா காரின் பின்சீட்டில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, தன்னோடு ஆடுகிறவர்கள் தன்னை விட்டுவிட்டுப் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறான். நீங்கள் இதைப் பாசம் என்று எழுதுகிறீர்கள். போகவர ஆறு மணி நேரம் ஓட்டுகிறீர்கள், பாசம் இல்லாமல் யாரும் அப்படி ஓட்டமாட்டார்கள். பாசத்தைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவில்லை.

அவனுக்கு ஒத்துவராது என்று யார் சொன்னது? மற்ற ஆறு நாளும் கல்லூரி மெஸ்ஸில் சாப்பிடுகிறவனுக்கு வியாழக்கிழமை மட்டும் வயிறு முரண்டு பிடிக்குமா? ஒத்துவராதது உங்களுக்கு. அவன் அந்தப் பையன்களோடு கலந்துவிட்டால் நம்மிடமிருந்து போய்விடுவான் என்ற பயம். ஆபீசிலும் நீங்கள் நம்மாட்கள் மேஜையில்தான் டப்பாவைத் திறப்பீர்கள் என்று தோன்றுகிறது, தப்பென்றால் மன்னிக்கவும். குடும்பம் முக்கியம் என்று இந்தப் பகுதியில் நான் எழுதாத மாதமில்லை. ஆனால் பிள்ளையை நாலு பேரோடு உட்கார வைப்பதும் குடும்பத்தின் வேலைதான். சோறு போடுவதைவிட அது கஷ்டமான வேலை. அதை நம்மவர்கள் நிறையப் பேர் செய்வதே இல்லை, எதிர்காலத்தில் மருமகளோ மருமகனோ வந்து செய்யட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

இன்னொன்று. உங்கள் மகன் மூன்றாம் வருடம். அந்த 18 வயது ரைட் டேக்கிளுக்கு அவன் அண்ணன் முறை. சின்னவன் தடுமாறினால் பெரியவன் பக்கத்தில் இருக்க வேண்டும், நம் வீட்டில் அப்படித்தானே வளர்த்தோம்? அந்தப் பையனுக்கும் எங்கேயோ ஒரு அம்மா இருப்பாள், அவளுக்கு ஒவ்வொரு வியாழக்கிழமையும் வண்டியெடுக்க முடியாமல் இருக்கலாம். அவனுடைய எடையை எழுதினீர்களே, அவன் ஊர் எது என்று மகனிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

ஆகவே இந்த வியாழக்கிழமை போகாதீர்கள். உங்கள் மனைவிக்கு வருத்தமாக இருக்கும், இருக்கட்டும். மகன் ஏன் வரவில்லை என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், வேலை இருக்கிறது என்று சமாளிக்காதீர்கள். பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். ஆட்டம் இல்லாத வாரம் ஒன்று வருமே, அன்றைக்கு ஐந்து பேரையும் வீட்டுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். பிரியாணியை ஐந்து பேருக்கு என்று கணக்குப் போட்டு வைத்துவிடாதீர்கள், பதினைந்து பேருக்கு வையுங்கள், அதுவும் போதுமா என்பது சந்தேகம்தான். காரம் குறைக்க வேண்டாம், டெக்சஸ் பையன்கள் தாங்குவார்கள்.

குழம்பை நிறுத்தினால் அணி ஜெயிக்கும் என்று நான் சொல்லவில்லை. இந்த சீசன் போனது போனதுதான் என்று தோன்றுகிறது. புது கோச்சும் சின்னப் பையனும் ஒரே மாதத்தில் மாறிவிடமாட்டார்கள்.

ஜனவரியில் மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். வேறு இடத்திலிருந்து வந்தவன் என்று சென்டரைக் குறை சொல்லிவிட்டு, உங்கள் மகனை இன்னொரு அணிக்கு வேறு இடத்திலிருந்து வந்தவனாக அனுப்பப் பார்க்கிறீர்கள். அங்கேயும் ஒரு வியாழக்கிழமை வரும். மாற வேண்டும் என்று அவனே வாய் திறந்து சொன்னால் அப்போது யோசிக்கலாம். கடிதம் முழுக்கத் தேடினேன், அவன் அப்படிச் சொன்னதாக ஒரு வரியும் இல்லை.

கோச்சுக்கான ஈமெயிலை அனுப்பக் கூடாது. அதைப் படிக்கிற கோச்சுக்கு உங்கள் மகன் அப்பா வந்து பேசுகிற பையனாகத்தான் தெரிவான், அந்தப் பெயர் அவன் அங்கே இருக்கும்வரை போகாது. அழித்துவிடுங்கள். பிறகு வேண்டும் என்று டிராஃப்ட்டில்கூட வைக்காதீர்கள்.