பங்குப் பட்டியலில் தெரியாத பணம்

மதிப்பிற்குரிய ஐயா,

நெடுங்காலமாகச் சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். அமெரிக்க மாநிலங்கள் தொலைபேசி, பிராட்பேண்ட் நிறுவனங்கள் மீதிருந்த கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திய கதையை எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்தச் சட்டங்களுக்குக் கைதூக்கிய உறுப்பினர்களில் எத்தனை பேரிடம் அதே நிறுவனங்களின் பங்குகள் இருந்தன என்று நீங்கள் கேட்கவேயில்லை. பங்கு வைத்திருப்பவர் வாக்களிக்கக் கூடாது என்று ஒரு வரிச் சட்டம் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

அன்புடன்,
முரளி

அன்புள்ள முரளி,

தீராது. கால்வாசி தீர்ந்தாலே பெரிய விஷயம். இதற்கு நீங்கள் குடியிருக்கும் இல்லினாய்ஸே சாட்சி.

2017இல் ஏ.டி. அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்துக்கு மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. கேட்கும் வீட்டுக்கெல்லாம் லேண்ட்லைன் கொடுத்தே தீர வேண்டும் என்ற பழைய கடமையிலிருந்து அது விடுபட விரும்பியது. மக்கள் கைவிட்டுக்கொண்டிருக்கும் செம்புக் கம்பியில் கொட்டும் பணத்தை பிராட்பேண்டிலும் செல்பேசிக் கோபுரங்களிலும் போடலாமே என்பது அதன் வாதம். ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதம் அல்ல அது. மின்சாரம் போனாலும் ஒலிக்கும் அந்தத் தொலைபேசியை நம்பியிருக்கும் முதியவர்களுக்காக நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்தன. அதுவும் நியாயமே. இரண்டு நியாயங்களையும் எடைபோடத்தான் சட்டமன்றம் இருக்கிறது.

ஆனால் எந்த மசோதா வாக்கெடுப்புக்கு வரும், எது குழுவிலேயே உறங்கும் என்பதெல்லாம் சபாநாயகர் மைக்கேல் மேடிகனின் கையில் இருந்தது. 1983இலிருந்து, இடையில் இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, 2021 வரை அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவர் அவர்.

இனி பணத்துக்கு வருகிறேன். ஏ.டி. அண்ட் டி கொடுத்தது மாதம் 2,500 டாலர் வீதம் ஒன்பது மாதங்களுக்கு, மொத்தம் 22,500 டாலர். அது மேடிகனுக்குப் போகவில்லை. அண்மையில்தான் உறுப்பினர் பதவியை விட்டிருந்த, அவருக்கு வேண்டிய ஒருவருக்குப் போனது. அதுவும் நேரடியாக அல்ல, இடையில், அரசிடம் ஆதரவு தேடித் தருவதையே தொழிலாகக் கொண்ட ஒரு லாபி நிறுவனம் இருந்தது. பதிலுக்கு அவர் எந்த வேலையும் செய்யவில்லை. சபாநாயகரைத் தங்கள் பக்கம் இழுக்கவும் அவருக்குக் கைம்மாறு செய்யவும்தான் இந்த ஏற்பாடு என்று ஏ.டி. அண்ட் டி இல்லினாய்ஸ் 2022 அக்டோபரில் ஒப்புக்கொண்டு, 2.3 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. கொடுத்ததைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல்!

இப்போது உங்கள் ஒரு வரிச் சட்டத்தை இதன்மீது வைத்துப் பாருங்கள். பங்கு இல்லை, ஈவுத்தொகை இல்லை, உறுப்பினர் பெயரில் வரவும் இல்லை. ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் சொத்து விவரத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? "உங்கள் முகத்துக்காக யாருக்குச் சம்பளம் போகிறது" என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

வாக்குப் பதிவைப் பார்த்தும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தளர்வை 911 அவசர அழைப்புச் சேவைக்கான கட்டண மசோதாவோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் அழைக்கும் எண்ணுக்கு எதிராக யார் வாக்களிப்பார்? கட்டண உயர்வைக் காரணம் காட்டி ஆளுநர் ரௌனர் வீட்டோ செய்தார். ஜூலை 1 அன்று இரு அவைகளும் அதை மீறி நிறைவேற்றின. ஆம் என்றவர்களில் பெரும்பாலோர் சுத்தமானவர்களாகவே இருக்கலாம். பிழை எங்கே நடந்தது என்பதைப் பெயர்ப்பட்டியல் காட்டிக்கொடுக்காது.

நீதிமன்றத்திலாவது தெளிந்ததா? 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியானா மேயர் ஒருவரின் வழக்கில், காரியம் முடிந்தபின் நன்றியாகக் கொடுக்கும் பணம், இந்த வழக்குகளிலும் பயன்பட்ட கூட்டாட்சி லஞ்சச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. செப்டம்பரில் ஏ.டி. அண்ட் டியின் முன்னாள் இல்லினாய்ஸ் தலைவர் மீதான விசாரணையில் ஜூரிகளால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. 2025 பிப்ரவரியில் மேடிகன் மீதான 23 குற்றச்சாட்டுகளில் 10 நிரூபணமாயின. ஏழரை ஆண்டுச் சிறை. அவற்றில் சில மின்சார நிறுவனமான காம்எட் தொடர்பானவை. தொலைபேசிக் குற்றச்சாட்டு உட்பட ஆறில் இந்த ஜூரிகளும் பிளவுபட்டார்கள். எனவே அந்த விஷயத்தில் அவரைக் குற்றவாளி என்று எழுத எனக்கு உரிமையில்லை. நிறுவனம் தானாக ஒப்புக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் மாநிலத்தின் அரசு நெறிமுறைச் சட்டத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். சொந்த ஆதாயம் குறுக்கிடும்போது உறுப்பினர் அந்த ஆதாயத்தைக் களைவது பற்றி யோசிக்க வேண்டும், முடியாவிட்டால் ஒதுங்கிக்கொள்வது பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது. யோசித்தால் போதும்! இவை வழிகாட்டுதல்கள் மட்டுமே, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதற்கான விதிகள் அல்ல என்று அதே சட்டத்தின் 3-201ஆம் பிரிவு முன்கூட்டியே உறுதியளித்துவிடுகிறது. சட்டம் எழுதியவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

பங்குத் தடைக்கு நான் எதிரி அல்ல. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு மனு எழுதுவதாக இருந்தால், அந்த 3-201ஐ நீக்கச் சொல்லி முதல் பத்தியை எழுதுங்கள். பங்கு விவகாரம் இரண்டாவது பத்தியில் வரட்டும்.