கிளாசில் கலங்கியது கிருமியல்ல

கேள்வி: ஹட்டனுக்கு அருகில் தோட்ட லயமொன்றில் வசிக்கிறேன். எட்டு மாதக் குழந்தையும் பாடசாலை செல்லும் மகளும் இருக்கிறார்கள். சம்பள நாளன்று வந்த ஒருவர், எங்கள் பீலித் தண்ணீரைக் கிளாசில் எடுத்து ஏதோ சொட்டு விட்டுக் கபில நிறமாக்கி, "இவ்வளவும் கிருமி" என்றார். பிறகு தமது திரவத்தை ஊற்றித் தெளிய வைத்தார். கிருமிநாசினிச் சவர்க்காரம், தரை துடைக்கும் திரவம், துணி அலசும் திரவம் எல்லாம் தவணைக்குத் தருகிறாராம். இவை பிள்ளையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்கிறார் நாத்தனார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், தவணைக் கடதாசியில் கையெழுத்தும் வைக்க வேண்டாம்.

முதலில் அந்தக் கிளாசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த வித்தையைப் பல வருடங்களாகப் பார்த்துச் சலித்துவிட்டேன். அவர் விட்ட சொட்டு பெரும்பாலும் அயோடினாக இருக்கும். அதன் நிறமே கபிலம். விற்றமின் சி போன்ற சாதாரணப் பொருளொன்றைக் கலந்தாலே அந்த நிறம் மறைந்துவிடும். அதில் ஒரு கிருமி தெரியவுமில்லை, சாகவுமில்லை. இதை நம்பி, "தண்ணீர் தெளிந்துவிட்டது" என்று கொதிக்க வைக்காமல் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் உண்மையான ஆபத்து, ஏனெனில் வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் வருவது அந்த வழியால்தான். மலையில் தண்ணீர் சரியாகக் கொதிக்காது என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில்கூட, சற்றுக் குறைந்த வெப்பத்தில் கொதித்தாலும், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த தண்ணீரில் நோய்க்கிருமிகள் பிழைப்பதில்லை.

சவர்க்காரத்தைப் பொறுத்தவரை, உங்கள் லயத்தைப் போலவே நெருக்கமான வீடுகளில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு உண்டு. கராச்சியின் குடிசைப் பகுதிகளில் 2002, 2003ஆம் ஆண்டுகளில் சில வீடுகளுக்குச் சாதாரணச் சவர்க்காரத்தையும் வேறு சில வீடுகளுக்குக் கிருமிநாசினிச் சவர்க்காரத்தையும் கொடுத்து, கைகழுவப் பழக்கினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே நிமோனியா பாதியாகக் குறைந்தது. வயிற்றோட்டமும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. இரு வகைச் சவர்க்காரங்களுக்கும் இடையே வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. வேலை செய்தது கழுவிய பழக்கமே. ஆகவே சாதாரணச் சவர்க்காரக் கட்டியொன்றை வெங்காய வலைப்பையில் போட்டு, காகம் கொத்திக்கொண்டு போகாதபடி, பீலிக்கு அருகிலும் மலசலகூடத்துக்கு அருகிலும் இறுகக் கட்டித் தொங்கவிடுங்கள்.

உங்கள் நாத்தனார் சொல்வது பாதி சரி. கைகழுவுவதால் எதிர்ப்புச் சக்தி குறையாது. பயப்பட வேண்டியது வேறொன்று. இத்தகைய சவர்க்காரங்களில் நெடுங்காலம் சேர்க்கப்பட்ட ட்ரைக்ளோசான் என்ற இரசாயனம், கிருமிகளை மருந்துக்கு அடங்காதவையாக மாற்றக்கூடும் என்ற கவலை உண்டு. அது சாதாரணச் சவர்க்காரத்தைவிடச் சிறந்தது என்பதையோ, நாளாந்தம் பாவிக்கப் பாதுகாப்பானது என்பதையோ உற்பத்தியாளர்கள் நிரூபிக்காததால், அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016 செப்டெம்பரில் அதையும் சேர்த்து 19 பொருட்களைக் கைகழுவும், குளிக்கும் தயாரிப்புகளிலிருந்து விலக்கியது. மாற்றாக இப்போது பல தயாரிப்புகளில் வரும் பென்சல்கோனியம் குளோரைட்டு தோலை உறுத்தக்கூடியது. கொழுந்து பறித்து ஏற்கெனவே வெடித்திருக்கும் கையில் அது மேலும் எரியும். அந்த வெடிப்பே கிருமிக்கு வாசலாகிவிடும். தவழும் குழந்தை தரையில் வைத்த கையை அப்படியே வாயில் வைக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

"99.9 வீதக் கிருமிகளைக் கொல்லும்" என்று இத்தகைய தயாரிப்புகளில் போட்டிருப்பது ஆய்வுகூடத்தில், தெரிந்தெடுத்த சில பக்ரீறியாக்களின்மீது, குறிப்பிட்ட நேரம் ஊறவைத்துப் பெற்ற கணக்கு. பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் தடிமன் வைரசால் வருவது. பக்ரீறியாவைக் கொல்லும் பொருளுக்கு அங்கே வேலையில்லை. இதைப் போத்தலில் எழுதியிருப்பார்களே என்று கேட்பீர்கள். தமிழ் அரசகரும மொழியானது 1987இல். ஆனாலும் நான் கையிலெடுக்கும் போத்தல்கள் பலவற்றில் விலையும் பூப்படமும் பெரிதாக இருக்கின்றன, சேர்மானமும் எச்சரிக்கையும் எறும்பளவில், அதுவும் பிறமொழியில் இருக்கின்றன. பழைய போத்தலில் நிரப்பி விற்கப்படும் பெயரில்லாத திரவத்தில் அந்த எறும்பும் இல்லை. பரிசோதிக்க வருகிறவர்கள் காலாவதித் திகதியைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் கிருமிநாசினி தேவை: வீட்டில் ஒருவருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் இருக்கும்போது. அப்போதும் தவணைத் திரவம் வேண்டாம்; கடையில் கிடைக்கும் சாதாரணப் பிளீச் போதும். பழைய துணியால் வாந்தியைத் துடைத்தெடுத்து, இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே பிளீச்சை ஊற்ற வேண்டும், ஏனெனில் அழுக்கின்மேல் ஊற்றினால் அதன் வலு அழுக்கிலேயே போய்விடும். போத்தலில் 5 வீதம் என்றிருந்தால், ஒரு லீற்றர் தண்ணீருக்கு நான்கு தேக்கரண்டி. ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். மலசலகூடம் கழுவும் அமிலத்துடன் ஒருபோதும் கலக்காதீர்கள்; அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு, சிறிய காம்பராவில் மூச்சை அடைத்துவிடும். கரைத்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள், சோடாப் போத்தலில் ஊற்றியும் வைக்காதீர்கள்.

அடுத்த சம்பள நாளில் அந்த ஆள் திரும்பி வந்தால், கொதித்து ஆறிய தண்ணீரைக் கிளாசில் நீட்டி, அதிலும் அவருடைய சொட்டை விடச் சொல்லுங்கள். அதுவும் கபில நிறமாகும்.