தூமோஸ்: சினமா, ரோஷமா?

அன்புள்ள ஐயா,

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலை ஒரு தமிழ்ச் சுருக்கத்தில் வாசித்து வருகிறேன். ஆன்மாவின் மூன்று பகுதிகளுள் ஒன்று ‘சினம்’ என்றும், அது அறிவுக்குத் துணை நிற்கும் என்றும் அதில் உள்ளது. அறிவைக் கெடுப்பதல்லவா சினம்? கிரேக்க மூலச்சொல் ‘தூமோஸ்’ என்கிறார்கள். அதன் பொருள்தான் என்ன?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

தூமோஸுக்குச் சினம் என்ற பொருள் உண்டு. ஆனால் அச்சொல்லின் பரப்பு அதைவிடப் பெரியது. பழங்கிரேக்கக் கவி ஹோமரில் அது நெஞ்சுக்குள் இருந்து மனிதனை உந்தும் ஒன்று. துணிவும் ஆசையும் துயரமும் கோபமும் அங்கேதான் எழுகின்றன. வீரன் சாகும்போது அது உடலை விட்டு நீங்குகிறது. அவருடைய போர்க்காவியமான இலியட்டின் 11ஆம் காண்டத்தில், துணைவர்கள் அஞ்சி ஓடிவிட, பகைவர் நடுவே தனித்து நிற்கும் ஒடிசியஸ், ஓடுவதா நிற்பதா என்று தன் தூமோஸோடு பேசுகிறான். நெஞ்சொடு கிளத்தலைக் குறளில் படித்த நமக்கு இது புதிதல்ல. தலைமை வீரன் அக்கிலீஸின் பெருஞ்சினத்தைக் குறிக்க, அக்காவியத்தின் முதற்சொல்லாக ஹோமர் வைத்தது ‘மேனிஸ்’ என்ற வேறொரு சொல்லை.

மொழியியலாளர் பலர் தூமோஸை, புகை என்று பொருள்படும் வடமொழித் ‘தூம’த்தோடு ஒரே வேரில் வைக்கிறார்கள். நாம் தூமகேது என்னும்போது வருவதும் அந்தத் தூமம்தான்.

பிளேட்டோவிடம் வரும்போது பொருள் குறுகிக் கூர்மையடைகிறது. ‘குடியரசு’ 4ஆம் பகுதியில் லியோன்டியஸ் என்பவனின் கதை வருகிறது. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நகருக்குத் திரும்பும் வழியில், மதிலுக்கு வெளியே, கொலைத்தண்டனை பெற்றவர்களின் பிணங்கள் கிடப்பதைக் காண்கிறான். பார்க்க ஆசை, பார்ப்பதற்கு அருவருப்பு. முகத்தை மூடிக்கொண்டு போராடியவன், கடைசியில் தோற்று, கண்களை அகலத் திறந்தபடி ஓடிச் சென்று, “பாவிகளே, இந்த அழகிய காட்சியை ஆசைதீரப் பாருங்கள்” என்று தன் கண்களையே ஏசுகிறான். ஆசையை எதிர்த்து அறிவின் பக்கம் நின்று வெகுண்டதே தூமோஸ் என்கிறார், அந்நூலில் உரையாடலை நடத்தும் சாக்ரடீஸ். கெட்ட வளர்ப்பால் சீரழியாதவரை அது அறிவுக்குத் துணை என்றும் சேர்த்துச் சொல்கிறார். இந்தச் சினத்துக்குத் தமிழில் நல்ல பேச்சுச்சொல் இருக்கிறது: ரோஷம். சினம் இல்லாதவன் என்று யாரையும் இகழ்வதில்லை. ரோஷம் இல்லாதவன் என்று இகழ்கிறோம். கொச்சை என்று கருதி மொழிபெயர்ப்பாளர்கள் அதை ஒதுக்கியிருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆனால் ரோஷம் எப்போதும் அறிவின் பக்கம் நிற்பதில்லை. கி.மு. 431இல் அரங்கேறிய, கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் நாடகத்தில், கைவிட்ட கணவனைப் பழிவாங்கத் தன் பிள்ளைகளையே கொல்லத் துணியும் மெடியா, தான் செய்யப்போவது எத்தகைய கொடுமை என்று தனக்குத் தெரியும் என்றும், தன் தூமோஸ் தன் எண்ணங்களைவிட வலியது என்றும் சொல்கிறாள். அதற்குச் சற்று முன்பு, பிள்ளைகளை விட்டுவிடலாம் என்று மனம் இளகிய அவளை மீண்டும் இறுகச் செய்தது ஒரே நினைப்பு: பகைவர்கள் தண்டனையின்றித் தப்பித் தன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பது.

அன்புடன்.