6/6 பார்வை இருந்தும் பைக் தெரியவில்லையே?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. கிளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்து போடுகிறார். கண்ணாடி போட்டால் பலகையில் கடைசி வரி வரை படிக்கிறார். ஆனால் ரோட்டைக் கடக்கும்போது, "வண்டி எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல" என்கிறார். வயசுக் கோளாறா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வயதுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் கிளாக்கோமாவைத்தான், அதாவது பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைச் சிதைக்கும் நோயைத்தான், முதலில் சந்தேகிக்க வேண்டும். 6/6 என்பது அசையாமல் நிற்கும் கறுப்பு எழுத்தை நேராகப் பார்த்துப் படிக்கும் திறன் மட்டுமே. இந்த நோயில் அந்த நடுப்பார்வை பெரும்பாலும் கடைசியில்தான் போகும்.

ஒரு கண்ணின் பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் உண்டு. அசைவையும் மினுக்கலையும் மூளைக்குச் சட்டென்று சொல்பவை அவற்றில் ஏறத்தாழ 10 சதவீதம்தான். அவைதான் முதலில் சாகின்றன என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். இன்று அதை எல்லோரும் ஏற்பதில்லை. எண்ணிக்கையே குறைவு, அதனால் கொஞ்சம் போனாலும் ஈடுகட்ட மிச்சமில்லை என்ற விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வழக்கமான ஃபீல்டு டெஸ்டில் (நேரே பார்த்தபடி சுற்றிலும் எங்கெல்லாம் தெரிகிறது என்று அளக்கும் சோதனை) நன்றாக இருக்கும் இடங்களில்கூடச் சிறு அசைவு கிளாக்கோமா உள்ளவர்களுக்குத் தப்பிவிடலாம். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையில் உருவான அசைவுச் சோதனையே இதை வைத்துத்தான்: திரையில் 32 கோடுகள், ஏதாவது ஒன்று நகர்ந்தால் பட்டனை அழுத்த வேண்டும்.

அப்பாவுக்குக் கறுப்புத் திட்டு எதுவும் தெரியாது. பார்வை விட்டுப்போன இடத்தை மூளை, பக்கத்தில் உள்ள காட்சியை வைத்தே நிரப்பிவிடும். பைக் அந்த இடத்தில் இருக்கும்வரை அவருக்கு வெறும் ரோடுதான்.

24-2 என்ற வகை ஃபீல்டு டெஸ்டை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக எடுங்கள். முதல் தடவை பழக்கமில்லாமல் மோசமாக வருவது சகஜம். மறுபடி எடுத்தால்தான் நம்பலாம். இரண்டு கண்களின் தாள்களிலும் பாதிப்பு ஒரே பக்கத்தில் விழுகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்படி விழுந்தால் ஒரு கண் விட்டதை இன்னொன்று பிடிக்காது. கீழ்ப்பக்கம் போயிருந்தால் படியும் பள்ளமும் ஆபத்து. வீட்டில் விரலை ஆட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பாதித்த இடத்திலும் பெரிய அசைவு தெரிந்துவிடும்.

அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம். ரோட்டைக் கடக்கும்போது கண்ணை மட்டும் ஓட்டாமல் தலையையே திருப்பி வலது, இடது, மறுபடி வலது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கிளாக்கோமா மருந்தை ஒழுங்காகப் போட்டால் போன பார்வை திரும்புமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: திரும்பாது, செத்த இழை மறுபடி முளைப்பதில்லை. மிச்சத்தைக் காப்பதற்குத்தான் மருந்து. ஒரு சொட்டு போதும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண் முனையை 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இல்லையென்றால் மருந்து மூக்குக்குள் வடிந்து ரத்தத்தில் கலக்கும். இன்னொரு மருந்தும் இருந்தால் 5 நிமிடம் விட்டுப் போடுங்கள். அடுத்தடுத்துப் போட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். அரிப்புக்கென்று கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் போடவே கூடாது. கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.