45-24இலிருந்து வெளியேறியது எப்படி? மெட்ஸ் அணியின் சரிவு பற்றிக் கேள்வி பதில்

2025 ஜூன் 12 அன்று நியூயார்க் மெட்ஸ் 45 வெற்றி, 24 தோல்வி என்று மேஜர் லீக் பேஸ்பாலிலேயே முதலிடத்தில் இருந்தது. செப்டம்பர் 28 அன்று பருவம் முடிந்தபோது கணக்கு 83-79. பருவத்துக்குப் பின் சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்றான பிளேஆஃபில் இடமில்லை. இந்தச் சரிவைப் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பேஸ்பாலைப் புதிதாகப் பார்ப்பவர்களும் கேட்டிருப்பதால் சில இடங்களில் அடிப்படையிலிருந்தே சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, அவ்வளவு மேலே இருந்த அணி கடைசியில் இடமே இல்லாமல் போவதற்கு எவ்வளவு மோசமாக ஆட வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மோசமாக ஆட வேண்டும். ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். ஜூன் 12-க்குப் பிறகு மீதி இருந்தவை 93. அவற்றில் பாதியை மட்டும் ஜெயித்திருந்தால்கூட 91 வெற்றியோடு முடித்திருப்பார்கள். கவலையே இல்லாமல் உள்ளே போயிருக்கலாம். அவர்கள் ஜெயித்தது 38, தோற்றது 55. ஒரே ஒரு ஆட்டம் கூடுதலாக, 39 என்று ஜெயித்திருந்தால்கூடப் போதும், இடம் அவர்களுடையது. அதனால்தான் இந்தத் தோல்வி இவ்வளவு வலிக்கிறது.

கேள்வி: ஜூன் 12-க்குப் பிறகு என்னதான் ஆயிற்று? அன்று ஏதாவது நடந்ததா?

நடந்தது. அன்று வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு எதிராக கோடாய் செங்கா பந்து வீசிக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய ஈ.ஆர்.ஏ. 1.47. (ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, ஒரு பிட்சர் என்ற பந்து வீச்சாளர் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு இது; ஃபீல்டிங் பிழையால் வரும் ரன் இதில் சேராது. மூன்றுக்குக் கீழே இருந்தாலே மிக நல்ல பிட்சர்.) அவுட் எடுக்க முதல் பேஸுக்கு செங்கா ஓடியபோது, முதல் பேஸ் ஃபீல்டர் பீட் அலோன்சோ எறிந்த பந்து உயரமாக வந்தது. செங்கா எம்பிப் பிடித்து, காலை நீட்டி பேஸைத் தொட்டார். ஆள் அவுட். ஆனால் செங்காவின் தொடைப் பின்தசை பிடித்துக்கொண்டது, அப்படியே தரையில் விழுந்தார்.

ஒரு பிட்சர் போனால் ஓர் அணி விழுந்துவிடுமா என்று கேட்பீர்கள். விழாது. ஆனால் அதோடு நிற்கவில்லை. சில நாளில் டைலர் மெகிலுக்கு முழங்கையில் அடி. ஜூன் முடிவதற்குள் கிரிஃபின் கேனிங்குக்குக் குதிகால் தசைநாண் அறுந்து பருவமே முடிந்தது. ஷான் மனாயா ஆரம்பத்திலிருந்தே காயத்தில் இருந்தார். ஜூலையில் திரும்பியும் பழைய மனாயா வரவில்லை.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஓர் ஆட்டம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். தொடங்கி வைக்கும் பிட்சர், அதாவது ஸ்டார்ட்டர், ஆறு இன்னிங்ஸ் போட்டால் மீதி மூன்றை புல்பென்னில், அதாவது ஸ்டார்ட்டருக்குப் பின் வந்து வீசுபவர்களின் குழுவில், உள்ள நல்ல ரிலீவர்கள் மூவர் ஆளுக்கொன்றாக முடிப்பார்கள். ஸ்டார்ட்டர் நான்கிலேயே களைத்துவிட்டால் ஐந்து இன்னிங்ஸுக்கு ஆள் தேட வேண்டும். இன்று ஐந்து பேர் வீசினால் நாளைக்கு அவர்களில் பாதிப் பேருக்குக் கை வராது. நாளை மறுநாள் இன்னும் மோசம். மெட்ஸில் அந்தக் கோடை முழுக்க டேவிட் பீட்டர்சனைத் தவிர வேறு யாரும் ஆறு இன்னிங்ஸ் தாண்டுவதே அரிதாகிப்போனது. பிறகு அவரும் தளர்ந்தார்.

ஆக, தொடர் தோல்வி என்று வெளியே தெரிந்தது ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில் கொடுத்த ரன்கள். நோய் தொடங்கியது ஐந்தாவது இன்னிங்ஸில். ஓர் அணி பிளேஆஃப் போகுமா என்று யாராவது என்னைக் கேட்டால், அதன் பேட்டிங் வரிசையை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். அடுத்த ஐந்து நாளைக்கு யார் யார் தொடங்குகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

கேள்வி: 76.5 கோடி டாலர் கொடுத்து ஹுவான் சோட்டோவை எடுத்தார்களே. அவர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லவே இல்லை. இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். 15 ஆண்டு ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் சோட்டோ 43 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார், 38 பேஸ் திருடினார் (அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). பிரான்சிஸ்கோ லிண்டோர் இரண்டிலும் 30-ஐத் தாண்டினார். அலோன்சோ 38 ஹோம் ரன் அடித்தார். ஆகஸ்டில் டாரில் ஸ்ட்ராபெரியின் 252 என்ற அணிச் சாதனையையும் கடந்தார். பேட்டிங்கில் வறண்ட வாரங்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் பெரிய சம்பளம் வாங்குபவர் மேல் பழி போடுவது சுலபம் என்பதற்காக மட்டுமே சோட்டோவைத் திட்டுகிறார்கள். அது நியாயமில்லை.

கேள்வி: சின்சினாட்டி ரெட்ஸும் 83-79, மெட்ஸும் 83-79. பிறகு ஏன் ரெட்ஸ் மட்டும் உள்ளே? ஐ.பி.எல்.லில் நெட் ரன் ரேட் பார்ப்பார்களே, இங்கே அப்படி ஒன்றும் கிடையாதா?

கிடையாது. இரண்டு அணிகள் சமமாக முடிந்தால், அவை தமக்குள் ஆடிய ஆட்டங்களில் யார் அதிகம் ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள். அதுவும் சமமானால்தான் சொந்த டிவிஷன் (லீகுக்குள் உள்ள பிரிவு) அணிகளோடு ஆடிய கணக்குக்குப் போவார்கள். முன்பு இப்படிச் சமமானால் 163-வது ஆட்டம் ஒன்று வைப்பார்கள். பேஸ்பாலின் மிக அழகான வழக்கங்களில் ஒன்று அது. 2022-ல் ஒவ்வொரு லீகுக்கும் மூன்றாவது வைல்டு கார்டு இடத்தை (டிவிஷனை வெல்லாத அணிகளில் சிறந்தவற்றுக்குக் கிடைக்கும் பிளேஆஃப் இடம்) சேர்த்தபோது அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான். ஆறு மாதம் ஓடி சமமாக வந்த இரண்டு அணிகளை ஒரு நாள் மைதானத்தில் மோதவிட்டால் என்ன?

2025-ல் மெட்ஸும் ரெட்ஸும் ஆறு முறை மோதின. ஜூலையில் நியூயார்க்கில் மூன்று, செப்டம்பர் தொடக்கத்தில் சின்சினாட்டியில் மூன்று. இரண்டு தொடரிலும் ரெட்ஸுக்கு இரண்டு, மெட்ஸுக்கு ஒன்று. ஜூலையில் அந்த மூன்று ஆட்டத்தைப் பார்த்த யாரும் இது பருவத்தையே தீர்மானிக்கப்போகிறது என்று நினைத்திருக்க மாட்டார்கள். பிளேஆஃப் வாசலில் நிற்கும் அணியோடு தோற்பது சாதாரணத் தோல்வி இல்லை. உங்களுக்கு ஒன்று குறைகிறது, எதிராளிக்கு ஒன்று கூடுகிறது, சமமானால் தீர்ப்பும் அவர் பக்கம் சாய்கிறது.

கேள்வி: கடைசி நாள் ஆட்டத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சுருக்கமாகச் சொல்லுங்கள் சார்.

மயாமியில் மார்லின்ஸோடு ஆட்டம். அதே நேரம் மில்வாக்கியில் ரெட்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் 4-2 என்று தோற்றார்கள். அதாவது கதவு திறந்தே இருந்தது, மெட்ஸ் ஜெயித்தால் போதும். நான்காவது இன்னிங்ஸில் மார்லின்ஸ் நான்கு ரன் எடுத்தது. ஐந்தாவதில் மெட்ஸுக்கு மூன்று பேஸிலும் ஆள் இருந்தபோது அலோன்சோ பந்தைப் பளீரென்று அடித்தார். அது நேராக இடது ஃபீல்டரின் கைக்குப் போனது. இரண்டு அடி தள்ளிப் போயிருந்தால்... சரி, விடுங்கள். 4-0.

பழைய மெட்ஸ் ரசிகர்களுக்கு இதில் இன்னொரு வலி உண்டு. 2007-ல் 17 ஆட்டம் மீதி இருக்கையில் ஏழு ஆட்ட முன்னிலை வைத்திருந்து, அதைத் தொலைத்து, கடைசி நாளில் தோற்றது இதே மார்லின்ஸிடம். 2008-ல் ஷே மைதானத்தின் கடைசி ஆட்டத்தில் தோற்று வாய்ப்பை இழந்ததும் மார்லின்ஸிடம்தான்.

கேள்வி: பிளேஆஃப் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று தினமும் போடுகிறார்களே, அதை நம்பலாமா? ஜூனில் மெட்ஸுக்குத் தொண்ணூறுக்கு மேல் போட்டிருந்தார்கள்.

நம்பலாம், ஆனால் அது எதைச் சொல்கிறது என்று தெரிந்து நம்ப வேண்டும். ஃபேன்கிராஃப்ஸ் போன்ற தளங்கள் மீதி ஆட்டங்களைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஆடவிட்டு, எத்தனை முறை அணி உள்ளே போகிறது என்று எண்ணுகின்றன. ஒவ்வோர் அணியின் பலத்தையும் அன்றைக்கு இருக்கும் ஆட்களை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள். நான்கு ஸ்டார்ட்டர் அடுத்தடுத்துக் கெட்டுப்போவது அதில் மிக அரிதாகத்தான் வரும். அரிது என்றால் நடக்காது என்று பொருள் இல்லை.

தொடர்ந்து தோற்கும்போது இந்த எண்ணை தினமும் பார்க்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை போதும்.

கேள்வி: ஜூலைக் கடைசியில் ஆள் வாங்கினார்களே, அது தவறான முடிவா?

பாதிதான் சரி. மெட்ஸுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகி டேவிட் ஸ்டெர்ன்ஸ் வாங்கியவர்களில் ரயன் ஹெல்ஸ்லி, டைலர் ராஜர்ஸ், கிரெகரி சோட்டோ மூவரும் ரிலீவர்கள். செட்ரிக் மல்லின்ஸ் அவுட்ஃபீல்டர். ஸ்டார்ட்டர் ஒருவர்கூட இல்லை. ராஜர்ஸ் நன்றாகவே வீசினார். செயின்ட் லூயிஸில் சிறந்த க்ளோசராக (கடைசி இன்னிங்ஸை முடித்து வைக்கும் ரிலீவராக) இருந்த ஹெல்ஸ்லி நியூயார்க் வந்ததும் 7.20 ஈ.ஆர்.ஏ. என்று சரிந்தார். மல்லின்ஸுக்கு மட்டை பேசவே இல்லை. புல்பென் களைத்திருக்கிறது, எனவே புல்பென்னுக்கு ஆள் சேர்ப்போம் என்பது கேட்கச் சரியாகத்தான் இருக்கும். அது ஏன் களைத்தது என்று பார்த்திருந்தால் ஒரு ஸ்டார்ட்டருக்காவது விலை கொடுத்திருப்பார்கள். ஆகஸ்ட் நடுவில் வந்த இளைஞர் நோலன் மெக்லீன் எட்டு ஆட்டங்களில் காட்டிய வித்தையைப் பார்க்கும்போது, அவரை ஒரு மாதம் முன்பே அழைத்திருக்கலாமே என்ற ஆற்றாமையும் எனக்கு உண்டு.

கேள்வி: எங்கள் அணி இப்போது ஒன்பது ஆட்டம் தொடர்ந்து தோற்று நிற்கிறது. இப்படி விழுந்து எழுந்த அணி ஏதாவது உண்டா? ஆறுதலுக்காகச் சொல்ல வேண்டாம், உண்மையைச் சொல்லுங்கள்.

உண்மையாகவே உண்டு, அதுவும் சமீபத்தில். 2023-ல் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் ஜூலை தொடக்கத்தில் 50-34 என்று இருந்தது. அடுத்த 32 ஆட்டங்களில் ஜெயித்தது ஏழே ஏழு. அதில் ஒன்பது ஆட்டத் தொடர் தோல்வியும் உண்டு, உங்கள் அணியைப் போலவே. ஆகஸ்ட் நடுவில் 57-59. ஊரே கைவிட்டது. அவர்கள் 84-78 என்று முடித்து, கடைசி வைல்டு கார்டு இடத்தில் நுழைந்து, மில்வாக்கி, டாட்ஜர்ஸ், பிலடெல்ஃபியா மூன்றையும் வீழ்த்தி உலகத் தொடர் வரை போனார்கள். அங்கே டெக்சாஸ் ரேஞ்சர்ஸிடம் தோற்றார்கள் என்பது வேறு விஷயம். ஜாக் கேலன், மெரில் கெல்லி என்ற இரண்டு நல்ல ஸ்டார்ட்டர்கள் கையில் இருந்தார்கள். கீழ்நிலை லீகிலிருந்து திரும்ப வந்த பிராண்டன் ஃபாட் மூன்றாவது ஆளாக நின்றார். க்ளோசர் பால் சீவால்டையும் அந்த நேரத்தில்தான் வாங்கினார்கள்.

2025-ல் கிளீவ்லாந்து கார்டியன்ஸ் இன்னும் அதிசயம். பத்து ஆட்டம் தொடர்ந்து தோற்று ஜூலை தொடக்கத்தில் 40-48. டிவிஷனில் முன்னால் இருந்த டெட்ராய்ட் டைகர்ஸோடு ஒரு கட்டத்தில் இடைவெளி 15½ ஆட்டம். செப்டம்பரில் ஆறு ஸ்டார்ட்டர்களை மாறி மாறி இறக்கி, எல்லோருக்கும் ஓய்வு கொடுத்து, 88-74 என்று டிவிஷனையே பிடித்தார்கள். அவ்வளவு பெரிய இடைவெளியை அதற்கு முன் எந்த அணியும் கடந்து டிவிஷனை வென்றதில்லை.

டைகர்ஸ் கதையையும் கேளுங்கள். 59-34 என்று இருந்தவர்கள் மீதியில் 28-41 என்று சரிந்தார்கள். ஆனாலும் வைல்டு கார்டில் நுழைந்து, முதல் சுற்றிலேயே அதே கார்டியன்ஸைத் தோற்கடித்தார்கள். செப்டம்பரில் மோசமாக ஆடிய அணி அக்டோபரில் கட்டாயம் மோசமாக ஆடும் என்று எந்த விதியும் இல்லை. தாரிக் ஸ்கூபல் மாதிரி ஒரு பிட்சர் கையில் இருந்தால் எந்தத் தொடரும் உயிரோடுதான் இருக்கும்.

கேள்வி: வரலாற்றில் இதைவிடக் கொடுமையான சரிவு எது?

என் கணக்கில் 2011 பாஸ்டன் ரெட் சாக்ஸ். செப்டம்பர் தொடக்கத்தில் டாம்பா பே ரேஸைவிட ஒன்பது ஆட்டம் முன்னால். அந்த மாதம் 7-20. செப்டம்பர் 28 இரவு, பால்டிமோரில் ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆனபிறகு ஜொனதன் பாப்பெல்பான் 3-2 முன்னிலையைத் தவறவிட்டார். சில நிமிடத்திலேயே, யாங்கீஸிடம் 7-0 என்று பின்தங்கியிருந்த ரேஸ், எவன் லாங்கோரியாவின் ஹோம் ரன்னால் 12-வது இன்னிங்ஸில் ஜெயித்தது. ரெட் சாக்ஸ் 90 ஆட்டம் ஜெயித்தும் வெளியே. அன்றைக்கு லீகுக்கு ஒரே ஒரு வைல்டு கார்டுதான். அதுவும் ஸ்டார்ட்டர்களால் வந்த வினைதான். அந்த செப்டம்பரில் அவர்களுடைய ஈ.ஆர்.ஏ. ஏழுக்கு மேல்.

கேள்வி: அலோன்சோ பால்டிமோர் போய்விட்டார், க்ளோசர் எட்வின் டியாஸ் டாட்ஜர்ஸுக்குப் போய்விட்டார், அவுட்ஃபீல்டர் நிம்மோவையும் டெக்சாஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி எதை நம்பி மெட்ஸைப் பார்ப்பது அண்ணா?

தம்பி, அலோன்சோ போனது எனக்கும் ஆறவில்லை. அந்த அணியில் வளர்ந்த ஆள், 2024-ல் மில்வாக்கிக்கு எதிராக ஒன்பதாவது இன்னிங்ஸில் அடித்த ஒரே அடியால் பருவத்தைக் காப்பாற்றியவர். அவருக்குப் பதில் யார் வந்தாலும் ரசிகர்களுக்கு அவர் அலோன்சோ ஆக மாட்டார்.

ஆனால் கேட்டதற்குப் பதில்: மெக்லீனை நம்பிப் பாருங்கள். அவர் ஐந்து நாளைக்கு ஒருமுறை ஆறு, ஏழு இன்னிங்ஸ் போடுகிறாரா, செங்காவின் கால் பழையபடி நிற்கிறதா என்று ஏப்ரல், மே மாதங்களில் கவனியுங்கள். அந்த இரண்டும் சரியாக இருந்தால் ஜூனில் ஐந்து ஆட்டம் தோற்றாலும் நான் பயப்பட மாட்டேன். அவை இல்லாமல் 45-24 என்று நின்றால், ஆகஸ்டுக்கு முன்பே ஒரு ஸ்டார்ட்டரை வாங்கச் சொல்லி நானே இங்கே எழுதுவேன்.