யாமன் & எர்பி ரீல்: 1888 என்பது செய்த வருடம் அல்ல

வணக்கம். தாத்தா பெட்டியில் கிடைத்த, தூண்டில் நூலைத் தானே சுற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் மீன்பிடி ரீலில் 'யாமன் & எர்பி, 1888, 1891' என்று இருப்பதாகவும், லீவரை அழுத்தினால் நூல் உள்ளே போகவில்லை என்றும், மூடியைத் திறக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து இப்போது திறக்காதீர்கள். உள்ளே கடிகாரத்தில் இருப்பது போன்ற தட்டையான எஃகுச் சுருள்வில் இருக்கும். முறுக்கு மிச்சமிருந்தால் தெறித்து விரலைக் கிழித்துவிடும். பெரும்பாலும் காய்ந்த பழைய எண்ணெய்தான் சிக்கல். மெல்லிய எண்ணெயை ஒரு சொட்டு அச்சில் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். அப்புறமும் அசையாவிட்டால் பழைய கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

அந்த வருடங்கள் காப்புரிமை தேதிகள். அதே தேதிகளைப் பொறித்துப் பல வருடம் தயாரித்தார்கள், ஆகவே அதை வைத்து வயது சொல்ல முடியாது. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நிறுவனம் அது. கோடக் கேமரா நிறுவனர் ஈஸ்ட்மனுக்கு ஃபிலிம் சுருள் தாங்கிகள் செய்து கொடுத்ததும் இவர்களே. பின்னாளில் இந்த ரீல், யூட்டிகா நகரின் ஹாராக்ஸ்-இபாட்சன் நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்தப் பெயரும் எங்காவது இருக்கிறதா பாருங்கள், இருந்தால் உங்களுடையது பிந்தியது.

பாலிஷ் மட்டும் போடவே போடாதீர்கள். சேகரிப்பாளர்கள் தேடுவதே அந்தப் பழைய நிறத்தைத்தான்.