அம்பாசடர் ரிம்முக்கு கம்பெனி நிறம் எது?

கேள்வி: அப்பா 1970களில் வாங்கிய அம்பாசடரைப் புதுப்பிக்கிறோம். ஐந்து ரிம்மும் இப்போது சில்வர். ஒன்றில் மட்டும் சில்வர் உரிந்து கிரீம் தெரிகிறது. கோவையில் பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைப்பது) செய்பவர், "எல்லாத்துக்கும் சில்வர்தாங்க, விட்டுட்டுப் போங்க" என்கிறார். கம்பெனி அடித்த நிறம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இன்னும் கொடுக்கவில்லை அல்லவா, நல்லது. கோட்டிங்குக்கு முன்னால் சாண்ட் பிளாஸ்டிங் (மணலைப் பீய்ச்சிச் சுரண்டுவது) செய்துவிட்டால் பழைய பெயிண்ட் மொத்தமும் போய்விடும். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் நிறம் இருக்கும், ரிம்மின் நிறம் இருக்காது. அந்தப் பழைய பெயிண்ட்தான் உங்களுக்குச் சாட்சி.

கிரீம் தெரிகிறது என்பதற்காக அதுதான் கம்பெனி நிறம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முதலில் பஞ்சர் கடையில் டயரைக் கழற்றச் சொல்லுங்கள். பிற்காலத்தில் பெயிண்ட் அடித்தவர்கள் பெரும்பாலும் டயரோடு சேர்த்துத்தான் அடித்திருப்பார்கள். டயர் மறைத்த உள்பக்கத்துக்கு அந்தப் பெயிண்ட் போயிருக்காது. பிரேக் டிரம்மோடு ஒட்டி நிற்கும் பின்முகத்தையும் பாருங்கள்.

அப்புறம் வீல் கப் மூடும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, 800 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் வளையம் வளையமாகத் தெரியும். நடுவில் இரும்பு, அதைச் சுற்றி மங்கலான பிரைமர் (அடிப்பூச்சு), அதற்கு அடுத்த நிறம்தான் நீங்கள் தேடுவது. பிரைமரே சாம்பலாகவோ செங்காவியாகவோ இருக்கலாம். அதை நிறம் என்று நினைத்து ஏமாற வேண்டாம். கிரீமுக்கு அடியில் துரு இருந்தால், அது யாரோ பிறகு பூசியதாக இருக்கலாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், உலர் தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

ஒரு ரிம்மை மட்டும் நம்பாமல் மற்றதிலும் தேய்த்துப் பாருங்கள். ஸ்டெப்னி வேறு வண்டியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

ஷேடு எடுக்க, வெயில் படாத இடத்தை ரப்பிங் காம்பவுண்டால் துடைத்துவிட்டு, ரிம்மையே பெயிண்ட் மிக்ஸிங் கடைக்குக் கொண்டுபோங்கள். அட்டையில் அடித்துக் காயவைத்து, டியூப் லைட்டில் அல்ல, பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். கிரீம் என்றால் எளிதில் பொருந்தும். சில்வரில் கலந்திருக்கும் அலுமினியப் பொடியின் அளவு மாறினாலே வேறு நிறமாகத் தெரியும், அதற்குக் கொஞ்சம் இழுபறிதான். கலவை விவரத்தை பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பவுடர் கோட்டிங்தான் வேண்டும் என்றால், நட்டு உட்காரும் குழிகளை மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். அங்கே கனமாகப் படிந்தால் ஓட ஓட நட்டு தளரும்.

கேள்வி: ரிம் நிறம் மாறியிருந்தால் விண்டேஜ் பதிவு (பழைய வண்டிகளுக்கான தனிப் பதிவு) கிடைக்காதா?
– ஒரு வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: அதனால் தடை வராது. 2021 விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும்; சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. ஆனால் அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான காரியங்களுக்குத்தான். வாராவாரம் பொள்ளாச்சி சந்தைக்கு ஓட்டுகிற வண்டி என்றால் இருக்கிற பதிவோடு விட்டுவிடுங்கள்.